மூன்று காலி நாற்காலிகளும் ஒரு நேர்காணலும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாக இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன். அங்கே தாங்கள் நலமாக இருப்பதைத் தங்கள் குரலே, ஒவ்வொரு முறையும் நான் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்கும்படி, தெரிவித்துவிடுகிறது. ஆகவே தனியாக விசாரிக்கவில்லை. தங்கள் மனைவி, தங்கள் பட்டறை, பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் வெட்டும் மெஷின் ஆகிய மூவரும் சுகம் என்று நம்புகிறேன்.

போனிலேயே சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீங்கள் கேட்பீர்கள். போன முறை நான் பேசியபோது வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "மாப்பிள்ளை பேசறாருப்பா, கொஞ்சம் நிறுத்துங்க" என்று பட்டறைக்கே குரல் கொடுத்தீர்கள். மெஷின் நின்றது. சுத்தியல் நின்றது. இந்த வருடத்தோடு என் வேலை முடிகிறது என்பதை உங்கள் ஒருவரிடம் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னேன். "அடப் பாவமே" என்று பதில் வந்தது. அது உங்கள் குரல் இல்லை. யாருடைய குரல் என்று இன்றுவரை நீங்கள் சொல்லவும் இல்லை. காகிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது. அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். பட்டறைக்கு வந்து அந்த லேசர் வெட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் எத்தனையோ முறை கூப்பிட்டு, நானும் எத்தனையோ விதமாகத் தட்டிக்கழித்து, கடைசியில் ஒருநாள் "நான் ஆராய்ச்சி செய்கிறவன், இரும்புக் கேட் செய்கிறவன் இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லி, நீங்கள் ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்து, அதெல்லாம் இருக்கட்டும். வருகிறேன். மாதக் கடைசியில் இங்கே சாவியை ஒப்படைத்துவிட்டு, நிரந்தரமாக வருகிறேன். உங்கள் வீட்டு மாடியில் உங்கள் தங்கையும் என் மகளும் இருக்கும் அந்த இரண்டு அறையில் இனி நானும் இருப்பேன். இது இன்னும் அவர்கள் இருவருக்கும் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் உங்கள் தங்கை "நல்லா யோசிச்சீங்களா" என்று கேட்பாள். கேட்டால் நான் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்கிறேன்.

இத்தனை வருடம் நான் என்ன வேலை பார்த்தேன் என்று நீங்கள் ஒருநாளும் நேராகக் கேட்டதில்லை. கல்யாணத்தன்று உங்கள் பக்கத்து மனிதர்களிடம் "மாப்பிள்ளை லேசர் டாக்டர்" என்று அறிமுகம் செய்தீர்கள். நான் வைத்தியன் இல்லை, முனைவர் பட்டம் வாங்கியவன் என்று திருத்துவதற்குள் உங்கள் பெரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இது இல்லாமப் பாக்கற மாதிரி பண்ணிடுவியா தம்பி" என்றார். சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஒருவர் சட்டைப் பொத்தானை அவிழ்த்து மரு காட்டினார். மணமகனாக உட்கார்ந்துகொண்டு மரு பார்த்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். நீங்கள் தூரத்தில் நின்று பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் மறக்கவில்லை. எதையும் மறக்காமல் இருப்பது என் தொழிலுக்கு வேண்டிய குணம். வீட்டுக்குத்தான் ஆகாது என்று உங்கள் தங்கை சொல்வாள்.

ஆகவே, போகிற நேரத்திலாவது சொல்லிவிட்டுப் போகிறேன். நான் இருக்கும் போஸ்ட்டாக் பதவி என்பது, முனைவர் பட்டம்வரை படித்து முடித்தவனை மாணவன் என்றும் சொல்ல முடியாமல், உத்தியோகஸ்தன் என்றும் சொல்ல முடியாமல் வைத்திருக்க உலகம் கண்டுபிடித்த ஏற்பாடு. இரண்டு வருடம் ஓர் ஊர், அப்புறம் இன்னோர் ஊர். பஸ் மாறுவதற்காக இறங்கி நிற்கும் இடம் மாதிரி. மற்றவர்களுக்குப் பஸ் வந்தது, ஏறிப் பேராசிரியர் ஆனார்கள், கம்பெனிக்குப் போனார்கள். எனக்கு நின்ற இடத்திலேயே நரைத்துவிட்டது. வேலை என்னவென்றால், கண்ணாடியில் முடியைவிட மெல்லிய ஓட்டை போடுவது, விரிசல் விடாமல். ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பிய்த்து, அதில் ஒரு துணுக்கு நேரம் மட்டும் எரிகிற ஒளி. சூடு பக்கத்தில் பரவுவதற்குள் வேலை முடிந்துவிடும். தன்மேல் ஓட்டை விழுந்தது கண்ணாடிக்கே தெரியாது. ஒருமுறை அப்படி ஓட்டை போட்ட கண்ணாடி வில்லை ஒன்றைக் கொண்டுவந்து உங்களிடம் காட்டினேன், ஞாபகம் இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஓட்டை எங்க மாப்பிள்ளை?" என்றீர்கள். பூதக்கண்ணாடி கொடுத்தேன். பார்த்தீர்கள். "சரி, இதுக்குள்ள என்ன போகும்?" என்றீர்கள். "வெளிச்சம் போகும்" என்றேன். "வெளிச்சம் ஓட்டை இல்லாமலே கண்ணாடிக்குள்ள போகுமே" என்றீர்கள். அதற்குச் சரியான விடை இருக்கிறது. அதைச் சொல்லக் கரும்பலகை வேண்டும், பொறுமையான ஆள் வேண்டும். இரண்டும் அன்றைக்கு இல்லை.

முதல் மூன்று ஊருக்கு உங்கள் தங்கையும் கூடவே வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் வீட்டுக்காரர் முதல் நாளே "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் சாவி கொடுப்பார். காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டுவாள். கல்யாணப் படத்தைத் தரையில் சுவரோடு சாய்த்து வைப்பாள். குழந்தை தவழ்ந்து வந்து அதில் என் முகத்தை மட்டும் நக்கிவைக்கும். நாலாவது ஊருக்குப் பெட்டி கட்டும்போது அவள் உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு ஒரு சுவத்துல ஆணி அடிக்கணுங்க. அவ்வளவுதான். நீங்க போயிட்டு வாங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். நான் சண்டையில் கெட்டிக்காரன். அவள் போடவில்லை. உங்கள் மாடிக்கு வந்துவிட்டாள். நான் போயிட்டு வருகிறேன், போயிட்டு வருகிறேன் என்று விடுமுறைக்கு விடுமுறை விருந்தாளி மாதிரி வந்துகொண்டிருக்கிறேன். போன தடவை என் மகள் எனக்குத் துண்டு எங்கே இருக்கிறது என்று காட்டினாள். மரியாதையாகத்தான் காட்டினாள்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். நான் இருக்கும் இந்த ஆய்வகம் இந்த வருடம் விளம்பரம் ஒன்று வெளியிட்டது. லேசர் செயலாக்கத்திலும் ஃபோட்டானிக்ஸ் என்னும் ஒளித் தொழில்நுட்பத்திலும் போஸ்ட்டாக் வேலை, காலம் இரண்டு வருடம். படித்துப் பார்த்தால் அது என் வேலை. நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் உட்கார, நான் இயக்கும் லேசரை இயக்க, நான் பாதியில் வைத்திருக்கும் ஓட்டையை முடிக்க, ஆள் தேவை. "தனித்து இயங்கும் ஆற்றலும், குழுவோடு ஒன்றிப் பழகும் இயல்பும் உடைய, உற்சாகமிக்க இளம் ஆய்வாளர்கள் விண்ணப்பிக்கலாம்." இதில் முதல் பாதி நான். மீதியைப் பற்றி விண்ணப்பத்தில் யாரும் கேட்கவில்லை. வயது வரம்பு இந்த முறை இல்லை. போன முறை இருந்தது, அப்போது என்னை விதிவிலக்காக எடுத்தார்கள், இந்த முறை விதியையே எடுத்துவிட்டார்கள். ஆக, என்னுடைய நாற்காலிக்கு நானே விண்ணப்பம் போட்டேன். வீட்டுக்காரன் தன் வீட்டு வாசலிலேயே நின்று "வீடு வாடகைக்கு இருக்குங்களா" என்று கேட்பதுபோல.

விண்ணப்பத்தோடு என்னைத் தெரிந்த மூன்று பேரில் ஒருவரிடமாவது பரிந்துரை வாங்க வேண்டும். எனக்குப் பட்டம் வாங்கித் தந்த பேராசிரியர் காலமாகிவிட்டார். இரண்டாமவர் ஓய்வு பெற்றுத் தோட்டம் போட்டிருக்கிறார். போன் செய்தேன். "நீயா. எந்த யுனிவர்சிட்டில புரொஃபசரா இருக்க இப்ப?" என்றார் ஆசையாக. "இன்னும் இல்லை சார்" என்றேன். போனில் செடிக்குத் தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. பிறகு, "கத்திரிச் செடியெல்லாம் பூச்சியா வருது, ஏதாவது லேசர்ல பண்ண முடியுமா பாரு" என்றார். மூன்றாவது ஆள் எங்கள் ஆய்வகத் தலைவர். அவன் எனக்கு ஜூனியர். 'அவன்' என்று எழுதுவதற்கு மன்னிக்கவும். கண்ணாடி துடைக்கக்கூடத் தெரியாமல் வந்தவனுக்கு, எச்சில் தொட்டுத் துடைக்காதே என்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தவன் நான். இன்றைக்கும் என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவான். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. நாலு பேர் முன்னால் கறாராக ஏதாவது சொன்னால் நானும் திருப்பிக் கொடுக்கலாம். "அண்ணே, நீங்களே எழுதிக் குடுத்துடுங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்றான். அது இந்தத் தொழிலின் வழக்கம். நானும் எழுதினேன். என்னைப் பற்றிப் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை; உள்ளதை உள்ளபடி, அளவோடு எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அண்ணே, இதைப் படிச்சா எனக்கே உங்கள எடுக்கத் தோணல" என்றான். அவனே உட்கார்ந்து நாலு பொய்யைச் சேர்த்தான். அதில் ஒன்று, பழகுவதற்கு இனியவர் என்பது.

இனி அந்த விளக்கு சமாச்சாரம். எங்கள் அறை தரைக்கடியில் இருக்கிறது. மேலே ஆள் நடந்தால் மேசை அதிரும், மேசை அதிர்ந்தால் ஓட்டை கோணும் என்பதால் லேசர்காரர்களை எப்போதும் பூமிக்குள்தான் போடுவார்கள். ஜன்னல் கிடையாது, போன் எடுக்காது. கதவுக்கு மேலே வெளிப்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் உள்ளே லேசர் ஓடுகிறது, யாரும் கதவைத் திறக்கக் கூடாது. எங்கள் லேசரின் ஒளி கண்ணுக்கே தெரியாது. தெரியாமலே கண்ணைப் பறித்துவிடும். ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவன் அப்பாவைப் பார்க்க வந்திருந்தாலும் சிவப்பு விளக்கு எரிந்தால் வெளியில்தான் நிற்பான். அந்த விளக்குக்குப் பழைய காலத்து சுவிட்ச், உள்ளே என் கைக்கு எட்டும் இடத்தில். லேசர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நாம் போட்டால் எரியும். நான் வந்த புதிதில் ஆளாளுக்கு வந்து கதவைத் திறப்பார்கள். ஸ்க்ரூ டிரைவர் இருக்கா, போன வார மீட்டிங்குக்கு ஏன் வரல, அண்ணே டீக்கு வர்றீங்களா. ஒரு நாள் காலை வந்ததும் விளக்கைப் போட்டேன். நிம்மதியாக இருந்தது. மறுநாளும் போட்டேன். அப்புறம் தட்ட ஆரம்பித்தார்கள். 'தட்டவும் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். இன்டர்காம் அடித்தது, மணிக்குள் பஞ்சு வைத்தேன். அதன்பிறகு யாரும் வரவில்லை. நான்கூட முதலில் சந்தோஷப்பட்டேன். ஒருநாள் சாயங்காலம் கதவைத் திறந்தால் வாசலில் காகிதத் தட்டில் ஒரு கேக் துண்டு, மேலே எறும்பு. யாருக்கோ பிறந்தநாள், தாழ்வாரத்தில் எல்லாரும் கூடி வெட்டியிருக்கிறார்கள், எனக்கும் எடுத்து வைத்திருக்கிறார்கள். "லேசர் ஓடுதேன்னு வச்சிட்டுப் போனோம் சார்" என்றார்கள் மறுநாள். மனிதர்கள் எவ்வளவு சுலபமாக விட்டுவிடுகிறார்கள் பாருங்கள். ஒரு விளக்கு போதும் அவர்களுக்கு. இதை நான் அவர்கள்மேல் எழுதிவைத்துக்கொண்ட குறைகளில் முதலாவதாக வைத்திருக்கிறேன்.

நேர்காணலுக்கு நாள் குறித்தார்கள். மற்ற ஆட்களுக்கெல்லாம் மேலே மீட்டிங் அறையில். எனக்கு மட்டும், "அண்ணே, நீங்க வேலை செய்யற இடத்துக்கே நாங்க வந்துடறோம். அந்தம்மா உங்க ஓட்டையப் பாக்கணும்னு சொல்றாங்க" என்றான் ஜூனியர். அந்தம்மா வெளியிலிருந்து வரும் பேராசிரியர், இந்தத் துறையில் பெரிய பெயர், என் கட்டுரை ஒன்றை உண்மையிலேயே படித்திருக்கிறார். கூட ஒரு நிர்வாக அதிகாரி. ஆக மூன்று பேர். நான் மீட்டிங் அறையிலிருந்து மூன்று நாற்காலி கேட்டு வாங்கி, படிக்கட்டில் ஒவ்வொன்றாக நானே இறக்கிக்கொண்டு வந்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மேசையைத் துடைத்தேன். நல்ல ஓட்டையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில், அந்தம்மா குனிந்து பார்த்தால் நேரே தெரிகிற மாதிரி வைத்தேன். அவர்கள் கண்ணுக்கு ஆபத்து வரக் கூடாது என்று லேசரை முழுவதும் அணைத்து மூடியும் போட்டேன். பிறகு, வருகிற நேரம் பார்த்து வேறு எவனாவது ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வந்து கெடுத்துவிடக் கூடாதே என்று, தினமும் காலையில் கை போகிற போக்கிலேயே விளக்கைப் போட்டேன்.

சொன்ன நேரம் வந்தது. யாரும் வரவில்லை. பெரிய மனிதர்கள், தாமதமாகத்தான் வருவார்கள் என்று இருந்தேன். பின்னும் வரவில்லை. அந்தம்மாவை மேலே உட்காரவைத்துப் பஜ்ஜி மாதிரி ஏதாவது வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பான் ஜூனியர் என்று நினைத்தேன். அப்புறம், இது வேண்டுமென்றே செய்கிற அவமானம் என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. அவன் என்னைக் காக்கவைப்பதற்காகவே இந்தத் திட்டம். பழைய எச்சில் சமாச்சாரத்துக்குப் பழி. நாற்காலிகளைப் பார்த்தேன். காலியாக இருந்தாலும் மூன்றும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. தயாரித்த பேச்சு வீணாகப் போகிறதே என்று ஒரு வெறுப்பு வந்தது. எழுந்து நின்று அவற்றுக்கே சொன்னேன். வணக்கம் சொல்லி ஆரம்பித்து, ஒளி ஏன் சூட்டை முந்துகிறது என்பதிலிருந்து, ஓட்டையின் விளிம்பு ஏன் வெடிக்கவில்லை என்பதுவரை, ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல். நடு நாற்காலி ஒரு கேள்வி கேட்பதாக வைத்துக்கொண்டு பதிலும் சொன்னேன். சத்தியமாகச் சொல்கிறேன் மச்சான், என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பேசியதே இல்லை. பேசி முடித்ததும் அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. இத்தனை நேரமும் அந்த மூன்று பேரும் கதவுக்கு அந்தப் பக்கம், என்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் சாப்பிடப் போகும்போது வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்தது. "என்னா சார், இன்னிக்கு இன்டர்வியூன்னாங்க, நீங்க வேலையில மும்முரமா இருந்துட்டீங்களே. பாவம், அந்தம்மா கால் மாத்தி மாத்தி நின்னாங்க."

"நின்னாங்களா? உள்ள வர வேண்டியதுதானே."

"ஆபீசர் கைய வச்சாரு சார் கதவுல. அந்தம்மா புடிச்சு இழுத்துட்டாங்க. செவப்பு எரியுது, கண்ணு போயிடும்னு கிசுகிசுக்கறாங்க. உள்ள நீங்க பேசற சத்தம் வேற கேட்டுச்சா, யாரோடயோ சேர்ந்து பரிசோதனை நடக்குதுன்னு இன்னும் பயந்துட்டாங்க."

"தட்டியிருக்கலாமே."

"நல்லா சொன்னீங்க போங்க. தட்டக் கூடாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க. ஆபீசர் அதைப் படிச்சுட்டு என்னைய வேற பாத்தாரு, நான் எழுதின மாதிரி."

ஜூனியரிடம் போனேன். "அண்ணே, நாங்க வெளிய நின்னோம்" என்றான். "நான் உள்ள நின்னேன்" என்றேன். "லைட் எரிஞ்சுதே அண்ணே." "லேசர் ஓடல." "லேசர் ஓடலன்னா லைட் எதுக்கண்ணே?" சில கேள்விகளைக் கேட்க ஜூனியருக்கு உரிமை கிடையாது. அவன் மெதுவாக, "இன்டர்காம்ல எத்தனை தடவை அடிச்சேன் தெரியுமா" என்றான். பஞ்சைப் பற்றி நான் சொல்லவில்லை. அதிகாரி அறிக்கையில், விண்ணப்பதாரர் பணியில் ஆழ்ந்திருந்தமையால் நேர்காணலுக்கு வர இயலவில்லை என்று எழுதிவிட்டாராம். திரும்ப நடத்த வழியில்லை, அந்தம்மாவுக்கு ரயில். நேற்று முளைத்த ஒரு பையனுக்கு வேலை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அவன் நேர்காணலில் மூன்று தடவை சிரித்தானாம். அந்தம்மா போகும்போது, "இவ்வளவு கவனமா வேலை செய்யற ஆளை நான் பாத்ததில்ல" என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போனாராம். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அன்றைக்கு மூன்று நாற்காலியையும் திரும்ப ஒவ்வொன்றாக மேலே ஏற்றினேன். கடைசி நாற்காலியைப் படிக்கட்டு நடுவில் வைத்து அதிலேயே கொஞ்சம் உட்கார்ந்தேன். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள். அங்கே வைத்துத்தான் முடிவு செய்தேன். போதும். இந்த ஊரில் எனக்கு ஒரு படுக்கை, ஒரு பக்கெட், ஒரு கெட்டில். மூன்றையும் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டால் நான் இங்கே இருந்ததற்கு அடையாளமே கிடையாது. என் மகள் உயரம் எவ்வளவு என்று இங்கே ஒருவர் கேட்டார், கையைத் தூக்கிக் காட்டினேன், பிறகு அது போன வருடத்து உயரம் என்று ஞாபகம் வந்தது.

ஆகவே வருகிறேன். சில நிபந்தனைகள் உண்டு. என்னை யாரிடமும் லேசர் டாக்டர் என்று சொல்லக் கூடாது. நான் பட்டறையில் இருக்கும்போது என் முதுகுக்குப் பின்னால் நின்று "அது எதுக்கு மாப்பிள்ளை" என்று கேட்கக் கூடாது. முன்னால் வந்து கேட்கலாம். நீங்கள் போன மாதம் சொன்னீர்களே, தகட்டை வெட்டினால் அடியில் பிசிர் நிற்கிறது என்று, அது மெஷின்காரன் சொல்வதுபோல தகட்டின் கோளாறு இல்லை. லென்ஸில் தூசியாக இருக்கும், அல்லது ஒளி குவியும் இடம் இறங்கியிருக்கும். நான் வரும்வரை யாரையும் கைவைக்க விடாதீர்கள். உங்கள் தங்கையிடம், மாடியில் எனக்கென்று பெரிதாக எதுவும் ஒதுக்க வேண்டாம், அலமாரியில் ஒரு தட்டு போதும் என்று சொல்லுங்கள். மகளிடம், நான் அவளுக்குக் கணக்கு சொல்லித்தர வரவில்லை, பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் மெஷினுக்கு நீங்கள் வைக்கப்போகும் ஆளாக இல்லாமல், உங்கள் வீட்டு மனிதனாக என்னை நடத்துவீர்கள் என்று நம்புகிறேன். அப்படி நடத்தாவிட்டாலும் வருகிறேன்.

தங்கள் மனைவிக்கு என் வணக்கம். பட்டறையில் "அடப் பாவமே" என்ற அந்த நல்ல மனிதருக்கும் என் வணக்கத்தைத் தெரிவிக்கவும். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு என் மரியாதையும் சிறியவர்களுக்கு என் ஆசியும். நான் இதில் பெரியவனா சிறியவனா என்று எனக்கே சரியாகத் தெரியாததால் இரண்டையும் அனுப்புகிறேன். எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: இதை உறையில் போட்டு, ஸ்டாம்ப் வாங்க மறந்து, நாலைந்து நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அந்த நாட்களில் சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தேன் என்று வாட்ச்மேன் சொல்கிறார். இன்று காலை ஜூனியர் என்னைப் படிக்கட்டில் பிடித்தான். "அண்ணே, அந்தப் பையன் வரலையாம். வேற பெரிய இடத்துல கிடைச்சிருச்சு. லிஸ்ட்ல அடுத்தது நீங்கதான்" என்றான். "நான்தான் இன்டர்வியூவுக்கே வரலையே" என்றேன். "அதனாலதான் அண்ணே. வந்தவங்க எல்லாம் பேசி மார்க்கக் கெடுத்துக்கிட்டாங்க. உங்களப் பத்தி மட்டும்தான் தப்பா ஒரு வார்த்தை இல்ல" என்றான். "ரெண்டு வருஷம். வீட்டுல கலந்துக்கிட்டு வெள்ளிக்கிழமை சொல்லுங்க" என்றான்.

"சரின்னு போட்டுக்க" என்றேன். அவன் வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டேன். சட்டைப்பையில் இந்தக் கடிதம் இருந்தது. எனக்கு அது ஞாபகமும் இருந்தது. ஆனாலும் சொன்னேன். ஏன் என்று நீங்கள் கேட்டால், அன்றைக்குக் கண்ணாடி வில்லையோடு விடை சொல்லாமல் நின்றேனே, அப்படித்தான் நிற்பேன். பாதியில் இருக்கும் அந்த ஓட்டையை வேறு எவனும் முடிக்கக் கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. அதற்கு மேல் நான் தோண்டிப் பார்க்கவில்லை.

பிறகு வீட்டுக்குப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். "அந்த வேலை கெடச்சிருச்சும்மா" என்றேன். "சூப்பர்பா. கங்கிராட்ஸ். எத்தனை வருஷம்?" என்றாள். "ரெண்டு" என்றேன். "ஓகேப்பா. அம்மா குளிக்கிறாங்க, வந்ததும் சொல்லிடறேன்" என்றாள். அவள் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று கவனமாகக் கேட்டேன். நான் கவனிப்பதில் தேர்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். இல்லை. துளிக்கூட இல்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் வரப்போகிறேன் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லையே.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நலம், நலமறிய ஆவல் என்று நாலு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். கிழிக்க மனம் வரவில்லை. உங்கள் தங்கையிடம் காட்ட வேண்டாம், மகளிடமும் வேண்டாம். ஆனால் ஒரு வாரம் நான் வருவதாக இருந்தேன் மச்சான். அது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.